திறந்திருக்கும் அழைப்பு: 1

பத்து எண்ணி முடித்த பிறகும் அது போகவில்லை.

ஜெசிந்தா வாய்க்குள்தான் எண்ணுவாள். மூன்று வருடப் பழக்கம். 'வழித்துணை' ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு வரும் போன்களை எடுத்துப் பேசுகிறவர்கள் விழுப்புரத்தில் இருந்தார்கள். அந்தப் போன்களை வாங்கி அவர்களிடம் சேர்க்கிற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ள ஜெசிந்தா ஒருத்தி மட்டும் திண்டிவனத்தில், நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் இருந்தாள். அந்த சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் மூன்று கன்டெய்னர்களில் ஓடும், ஒரே கவுன்ட்டரில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பதுபோல. புது வெர்ஷன் வந்தால் கவுன்ட்டரை மூட வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் அடித்தால் போதும். பழைய ஆளில் ஒருவரிடம் 'கிளம்பு' என்று சொல்லப்படும். கையிலிருக்கும் வேலையை முடிக்கப் பத்து வினாடி. முடித்தாரோ இல்லையோ, பத்தாவது வினாடியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் புது ஆளை உட்காரவைக்கும். பிறகு இரண்டாமவர். பிறகு மூன்றாமவர்.

முதல் இரண்டும் இன்று ஒழுங்காகப் போயின. மூன்றாவது போகவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மணி மூன்று. மதிய நேரத்தில்தான் போன்கள் குறையும் என்பதால் அப்டேட் எப்போதும் மூன்று மணிக்கு. கார்த்திகை மழை காலையிலிருந்து விடாமல் பெய்து, பட்டப்பகலிலேயே தெருவில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. கீழே மண்டியை மதியமே சாத்திவிட்டார்கள். ஈரச் சாக்கின் வாடையும் மல்லாட்டைத் தோலின் புழுதி வாடையும் மாடிப்படி வழியாக ஏறி வந்து, மேசைக்கடியில் முனகிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரின் சூட்டோடு கலந்து, அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றியது. அதன் நிழல் சுவரில் எதையோ துடைப்பதுபோல் போய்ப் போய் வந்தது.

அவள் அந்தப் பழைய கன்டெய்னரின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். திறந்திருக்கும் அழைப்பு: 1.

இந்த ஒன்றைப் பதினேழு நாளைக்கு முன்னாலும் பார்த்திருந்தாள்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஐந்து நிமிடம் முன்னால், விழுப்புரத்தில் போன் எடுக்கும் சுதீஷ் ஒரு டெஸ்ட் கால் போட்டு வைப்பான். பேசமாட்டான். லைனைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அப்டேட்டில் அந்தக் கால் அறுந்ததும் மறுபடி போட்டு, புது கன்டெய்னர் எடுக்கிறதா என்று பார்ப்பார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை, இவர்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அதனால் அப்டேட் நேரத்தில் திரையில் ஒன்று என்று இருந்தால் அது சுதீஷ். மூன்று வருடமாக அது சுதீஷாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அது சுதீஷ் இல்லை.

சுதீஷிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுந்துகூடப் போக வேண்டாம், கையை நீட்டினால் போன். அழைப்பு முடியும்வரை பொறுத்திருக்கும்படி அந்தப் பத்து வினாடியைக் கூட்டி வைத்திருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். சோம்பேறித்தனம். வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது. கமாண்டை அடித்தாள், பத்து எண்ணினாள், அழைப்பு அறுந்தது. இரண்டு நிமிடம் கழித்து சுதீஷிடமிருந்து மெசேஜ் வந்தது: 'சாரிக்கா, டீ குடிக்கப் போயிட்டேன். இப்ப டெஸ்ட் கால் போடட்டா?'

அறுந்தது வேணி என்ற பெண்ணின் அழைப்பு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லை. வெட்டுக்குப் போயிருந்த அவள் புருஷன் முத்துசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். 'ஏரிக்கரை மேலயே வந்து ரெண்டாவது' என்பதுவரை வேணி வழி சொல்லியிருந்தாள். அதற்குமேல் விழுப்புரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் லைன் அறுபடாமல் ஊமையாக நின்றுவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போன டிரைவர் ராயப்பன் ஏரிக்கரையில் நின்று இருபது தடவை அவள் நம்பருக்குப் போட்டார். இருபது தடவையும் பிஸி. நாற்பது நிமிடம் கழித்து அவர் இடத்தைக் கண்டுபிடித்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஜெசிந்தா அன்று சாயங்காலமே பழைய கன்டெய்னர்களை ஒட்டுமொத்தமாக அழித்தாள். அவற்றோடு அன்றைய பதிவுகளும் போயின. அதற்கும் ஒரு வரி கமாண்ட்தான்.

விசாரணை விழுப்புரத்தில் நடந்தது. நெட்வொர்க் பிரச்சினை என்று ஜெசிந்தா சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். வழி தெரியாமல் சுற்றினார் என்று ராயப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பதினோரு வருடம் வண்டி ஓட்டியவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேணியும் வந்திருந்தாள்.

"ஏம்மா போன வெக்கல? டிரைவர் போட்டுக்கினே இருந்திருக்காரு இல்ல?" என்று கேட்டார்கள்.

"போன எடுத்தவங்கதான் வெக்காதீங்கன்னு சொன்னாங்களே," என்றாள் வேணி. "அதான் காதுலயே வச்சிக்கினு இருந்தேன்."

அவளுக்கு விக்கியது. ஜெசிந்தாதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "நல்லா இரும்மா," என்றாள் வேணி. அந்த இரண்டு வார்த்தையைத்தான் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. வேணியின் நம்பரைப் பதிந்து வைத்துக்கொண்டாள். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் எடுத்துப் பார்த்ததில் நம்பர் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

இப்போது அவள் சுதீஷுக்குப் போன் போட்டாள்.

"சுதீஷ், டெஸ்ட் கால கட் பண்ணு."

"இன்னும் போடவே இல்லக்கா. இங்க கரன்ட் போயி ஜெனரேட்டர் போட்டுக்கினு இருக்காங்க. லைன்ல ஒருத்தருமே இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லு."

"பாத்துக்கினுதான் சொல்றேன். ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டாள்.

திறந்திருந்த அழைப்பின் நம்பரைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மனப்பாடமான பத்து இலக்கங்கள் வரிசை மாறாமல் வந்து நின்றன. பக்கத்திலேயே, அழைப்பு எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது என்ற கணக்கு. நானூற்றெட்டு மணி, ஒன்பது நிமிடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பத்து நிமிடமானது.

அன்றைய கன்டெய்னர்களை அன்றைக்கே அழித்தாயிற்று, ஏதோ பழைய கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னதை அவளே நம்பவில்லை. பத்து வினாடியெல்லாம் கொடுக்காமல் உடனே கொல்லும் கமாண்டை அடித்தாள். போயிற்று. மூச்சை விட்டாள். எண்ணிக்கை குறைந்தால் தானாகவே இன்னொன்றை எழுப்புவது அந்த ஏற்பாட்டின் குணம். அப்படி அமைத்தவளும் அவள்தான். புதிது எழுந்தது. பெயர் புதிது, வெர்ஷன் புதிது. உள்ளே திறந்திருக்கும் அழைப்பு ஒன்று. நானூற்றெட்டு மணி, பன்னிரண்டு நிமிடம்.

மறுபடி கொன்றாள். மறுபடி எழுந்தது. மூன்றாம் தடவையும்.

மழைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல் இருந்தது. மழை குறையவில்லை, ஜன்னலில் தண்ணீர் அதே வேகத்தில்தான் வழிந்தது. சத்தம் மட்டும் ஒதுங்கிக்கொண்டது, இன்னொரு சத்தத்துக்கு இடம் விட்டு. மேசைமேல் கழற்றி வைத்திருந்த ஹெட்செட்டிலிருந்து அது வந்தது. மெல்லிய, ஈரமான, இழுத்து இழுத்து விடும் மூச்சு. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் எதையோ தூக்கிச் சுமப்பதுபோல் ஒரு தயக்கம்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான். எத்தனை கன்டெய்னர் வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். வட்டாரத்துக்கே ஆம்புலன்ஸ் போன் செத்துப்போகும், மழையில் நெடுஞ்சாலை வழுக்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தும் போட்டாள். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள்.

1/0 என்று காட்டியது. நீ கேட்டது பூஜ்யம், ஓடிக்கொண்டிருப்பது ஒன்று.

மூச்சு இன்னும் கேட்டது.

அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். பயத்தில் செய்தாளா, பயம் தாங்காமல் செய்தாளா என்று அவளுக்கே தெரியாது. காதுக்குள் கரும்புச் சோகை உரசும் சத்தம் வந்தது. தூரத்தில் ஒரு நாய். பக்கத்தில், மிகப் பக்கத்தில், மூச்சு.

"நான்தாங்க," என்றாள் ஜெசிந்தா. பதினேழு நாளாகத் தொண்டையில் நின்றது. "நான்தான் கட் பண்ணேன். டெஸ்ட் கால்னு நெனச்சிட்டேன்."

மூச்சு நின்றது.

"தெரியும்மா," என்றது ஓர் ஆண் குரல். களைத்த குரல். கோபமே இல்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. கேக்கறவங்ககிட்ட சொல்லு."

மேசைமேல் போன் அடித்தது. சுதீஷ்.

"இன்னாக்கா ஆச்சு? அஞ்சு கால் டிராப் ஆயிருக்குது. மயிலம் ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட், எடம் சொல்லிக்கினு இருக்கும்போதே கட்டாயிடுச்சு." அவன் மூச்சு வாங்கினான். "அக்கா, ராயப்பண்ணன் கேஸ்லயும் இதே மாரிதானே ஆச்சு. அன்னிக்கும் நம்ம பக்கந்தான் போயிருக்குமா?"

நேரான கேள்வி. இவ்வளவு நேராக இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ராயப்பனுக்குச் சாவி திரும்பக் கிடைக்கும். போனைக் காதிலேயே வைத்திருந்தது தன் தப்பில்லை என்று வேணிக்குத் தெரியும். ஜெசிந்தா வாயைத் திறந்தாள். நாக்கு அந்த வார்த்தைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"நெட்வொர்க் ப்ராப்ளம்டா," என்றாள். "மழை பெய்யுதில்ல, அதான். இதோ ஏத்திட்டேன்."

எத்தனை வேண்டும் என்ற இடத்தில் மூன்று போட்டாள். 4/3.

"அதான் நானும் நெனச்சேன்," என்று சுதீஷ் வைத்துவிட்டான்.

ஹெட்செட் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிம்மா," என்றது குரல். "எடத்த சொல்லு."

"திண்டிவனம்," என்றாள் ஜெசிந்தா. சொல்ல நினைக்கவில்லை. வாய் சொன்னது. "மேம்பாலம் தாண்டி லெஃப்ட்ல மூணாவது தெரு. மல்லாட்டை மண்டி. மேல்மாடி." இவ்வளவு ஒழுங்காக யாரும் இடம் சொல்லி அவள் கேட்டதில்லை.

"எத்தினி பேரு?"

"ஒருத்தி."

"மூச்சு இருக்குதா?"

அவள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "இருக்குது."

"வண்டி வந்துக்கினு இருக்குது."

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். லேப்டாப்பை மூடினாள். பிளக்கைப் பிடுங்கினாள். இன்வெர்ட்டர் தானாகவே அடங்கியது. மின்விசிறி நின்றது.

தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டயர்ச் சத்தம். சைரன் இல்லை. மெதுவாக வந்தது. பின்பக்கமாகத் திரும்பியது. நின்றது.

சுவரில் சிவப்பு. பிறகு நீலம். பிறகு சிவப்பு.

கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம். மாடிப்படியில் காலடி. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லை. வெறுங்கால். ஈர சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏறுகிறது என்றுதான் நினைத்தாள்.

இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்காலில் சில்லென்று ஈரம் ஏறியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய கால்கள். அவளுடைய கொலுசு. அடுத்த படி. அதற்கு அடுத்த படி. கைப்பிடியைப் பற்றினாள். கை வழுக்கிக்கொண்டு கூடவே வந்தது.

கடைசிப் படிக்கு நேராக வண்டியின் பின்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை விளக்கு. பக்கத்துப் பலகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை கொல்லைச் சேறு. இடது கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வலது கையால், ஸ்ட்ரெச்சரில் விரித்திருந்த துணியின் சுருக்கத்தைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை மெதுவாக நீவிவிட்டார். பிறகு, அவள் ஏறுவதற்குத் தோதாகக் கால்களை மடக்கிக்கொண்டார்.