இரண்டு தகடுகளுக்கு நடுவே

"பூமியிலேயே மேடு பள்ளமில்லாத ஒரே இடம் இப்போ அபிராமபுரத்துல, நம்ம ஆத்து ஸ்டோர் ரூம்ல இருக்கு! ஈ வந்து உக்காந்தா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுண்டுடும்!" என்று பரத்வாஜ் உள்ளேயிருந்து கத்தினான்.

"அப்படியே என் தோசைக்கல்லையும் ஒரு தேய் தேய்ச்சுடுங்கோ. மாவெல்லாம் நடுப்பள்ளத்துல போய் உக்கார்றது" என்றாள் சமையலறையிலிருந்து அவன் மனைவி நீரஜா.

கத்திரி வெயிலில் அவன் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நின்றது. பிராசஸரின் உலோக மூடிக்கும், அதன்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்வதுதான் காரணம் என்று எங்கோ படித்திருந்தான். அதனால் ஜன்னலில்லாத அந்த அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்து, இரண்டையும் கழற்றி வைத்துக் காலையிலிருந்து மாற்றி மாற்றித் தேய்த்தான். சந்தனக் கட்டையாக இருந்தால் அந்தத் தேய்ப்புக்கு மயிலாப்பூரின் அத்தனை நெற்றிக்கும் பூசி, மிச்சத்தை மாம்பலத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

கடைசியில் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினான். பிறகு இழுத்தான். வரவில்லை. நகம் நுழையக்கூட இடமில்லை.

"நீரஜா! ரெண்டும் ஒட்டிண்டுடுத்து! நடுவுல காத்தே இல்ல!"

"பசை தடவியிருப்பேள்."

"சத்தியமா இல்லடி!"

"உங்க சத்தியத்தை அந்த ஈகிட்ட போய்ச் சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டிருந்தவனின் காதில் அப்போதுதான் அது விழுந்தது. சர்... சர்... உப்புத்தாளின் ஓசை. அவனுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஓசை அவசரமே இல்லாமல், அலுக்காத ஒரு கையின் நிதானத்தோடு, தரைக்கு அடியில் போய், பழைய டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் சுற்றி, ஈர உலோகத் தூளின் வாடையை இழுத்துக்கொண்டு சுவரில் ஏறியது. டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரின் சுண்ணாம்புக் கொப்புளங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காலண்டர் மாட்டிய ஆணி அமிழ்ந்தது. காலண்டர் கீழே விழவில்லை. சுவரோடு சுவராகப் படிந்து, வெறும் வண்ணமாகி, வெளுத்தது.

எழுந்து சுவிட்ச் போர்டைத் தடவினான். சுவிட்சுகள் இருந்த இடம் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. கதவிடம் ஓடினான். தாழ்ப்பாள் இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கு, ஈரக் கோடு காய்வதுபோல மேலிருந்து கீழாக மறைந்துகொண்டிருந்தது. கடைசிச் சாண். கடைசி விரற்கடை.

சுவர்.

உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். பிறகு கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. வலிக்கவும் இல்லை. மற்றக் கையைத் திருப்பிப் பார்த்தான். ரேகை ஒன்றுகூட இல்லை.

"நீரஜா! கதவைத் தள்ளு!"

"தாழ்ப்பாள் உங்க பக்கம்னா இருக்கு?"

"தாழ்ப்பாளைக் காணும்!"

"ஈ தூக்கிண்டு போயிடுத்தாக்கும். இருங்கோ, வரேன்."

அவள் வருவாள். வந்தால் கையை வைத்துத் தள்ளுவாள்.

தொடாதே என்று கத்துவதற்காக எச்சிலை விழுங்கினான். விழுங்கியபோது மூடிய உதடுகள் திறக்கவில்லை. நாக்கால் உள்ளேயிருந்து துழாவினான். இடுக்கைக் காணோம். மூக்கால் முனகினான். காலால் சுவரை உதைத்தான்.

"வரேன்னா! ஏன் இப்படி உதைக்கறேள்?" கொலுசு வேகமெடுத்தது.

உதைத்தால் சீக்கிரம் வருகிறாள். நிறுத்தினான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு? ஏன் சத்தத்தையே காணும்?" இப்போது ஓடி வந்தாள்.

கொலுசு நின்றது.

"ஏன்னா... கதவு எங்க?"

வேண்டாம். வேண்டாம்.

மறுபுறம் மெதுவாக ஒரு தட்டல். சரியாக அவன் கைக்கு எதிரே. பிறகு வளையல்கள் குலுங்கின. இன்னொரு முறை, பலமாக. அவள் இழுக்கிறாள்.

"இது என்ன, கை வர மாட்டேங்கறது." பாதியில் அறுந்த ஒரு சிரிப்பு.

சர்... சர்... ஓசை சுவருக்கு உள்ளே புகுந்தது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே. செங்கல் மெலிந்தது. முதலில் இளஞ்சூடாக, பிறகு காய்ச்சல் கண்ட உடம்பாக, அவள் கை அவன் கைக்கு வந்தது. அவளுடைய நாடி அடிப்பது தெரிந்தது. படபடவென்று. அவன் விரல்களை மடக்கப் பார்த்தான். எவை தன் விரல்கள் என்று தெரியவில்லை.

நீரஜாவின் குரல் அவன் காதோடு கேட்டது. ரகசியம் பேசுகிற மாதிரி.

"பசை இல்லன்னா. நீங்க சொன்னது நெஜம்தான். நடுவுல ஒண்ணுமே இல்ல."