உள்ளே ஆள் இருந்தால்

காலையில்தான் துடைத்திருந்தார். வெயிலில் காய்ந்த சீட்டுத் துணியின் வாடையும், எட்டு நாளாக அவர் விடாமல் தேய்க்கும் கண்ணாடித் திரவத்தின் எலுமிச்சை வாசனையும் காருக்குள் இன்னும் கலந்து நின்றன. ஆனாலும் பின்சீட்டு இடது ஜன்னலில், உட்பக்கமாக, ஐந்து விரலையும் விரித்த ஓர் உள்ளங்கை மறுபடி பதிந்திருந்தது.

எவனோ கள்ளச்சாவி போட்டு உள்ளே வந்து போகிறான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒரு பொருளைத் தொடாமல் கையை மட்டும் வைத்துவிட்டுப் போகிற திருடன் உண்டா என்று மனம் கேட்டபோதெல்லாம் அதன் வாயை அடைத்தார். அலாரம் மாட்டினால் ஆள் சிக்குவான். மதியத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்ன பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார்.

"எதுக்கெல்லாம் கத்தணும் சார்?" என்றார் எலக்ட்ரீஷியன், வாயில் வயர்த்துண்டைக் கடித்தபடி. "கண்ணாடியத் தட்டினா கத்தற சென்சார் இருக்கு. வண்டியத் தூக்கினா கத்தறது இருக்கு. உள்ள ஏதாவது அசைஞ்சா கத்தறதும் இருக்கு."

"தட்டறதும் அசையறதும் போதும்."

"ரிமோட்ல பூட்டிட்டா உள்ளேருந்தும் கதவு திறக்காது, பார்த்துக்கங்க. உள்ள ஆள் இருந்தா இந்தச் சின்ன பட்டன அமுக்கிடணும். அப்புறம் அவங்க அசைஞ்சாலும் தட்டினாலும் வண்டி மூச்சு விடாது."

"நான் யாரையும் உள்ள விட்டுட்டுப் போறவன் இல்ல."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையில் குனிந்தார்.

போன மாதம் இதே காரில், அந்த இடது ஓரத்தில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூச்சிரைப்புக்காரர். அவருடைய மருந்தை முதலிலேயே எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போனக் குடுண்ணே, சார்ஜ் போட்டுட்டு வரேன்" என்று அதையும் வாங்கிக்கொண்டு, உள்ளேயிருந்து திறக்காதபடி வண்டியைப் பூட்டி, எதிர்ச்சாரி மரநிழலில் போய் நின்றார் தம்பியான இவர். அண்ணன் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார். டொக். டொக். டொக். அந்தச் சத்தமும் அண்ணனின் மூச்சும் அடங்கும்வரை, நாற்பது நிமிடம் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு, பிறகு ஓடிவந்து ஊர் கூடும்படி அழுதார். "தூங்கறாருன்னு நினைச்சேன். எழுப்ப மனசு வரல." எல்லோரும் நம்பினார்கள்.

ஐம்பத்திரண்டு வயதிலும் கடையில் சின்னப் பையன் முதல் கணக்குப்பிள்ளை வரை அவருக்குத் 'தம்பி' என்றுதான் பேர். அந்த ஒரு சொல் அவரை முப்பது வருஷம் அரித்தது. இப்போது முதலாளி. அண்ணனின் மோதிரமும் அவர் விரலில் இருந்தது. வருத்தம் என்று ஒன்றும் கிடையாது; பயம்தான்.

வேலை முடிந்தது. "சோதிச்சிடலாம் சார். பின்சீட்ல இடது ஓரமா உட்காருங்க, சென்சாருக்கு லேசுல எட்டாத மூலை அதுதான். போன எங்கிட்ட குடுங்க, அது அதிர்ந்தாலும் கத்தும். நான் கை காட்டினதும் அசையுங்க."

அங்கே உட்கார அவருக்கு உடம்பு கூசியது. ஆனால் சென்சார் நம்பும்படியாக வேலை செய்தால்தான் இனி இரவில் தூக்கம் வரும். உட்கார்ந்தார்.

கதவு மூடிக்கொண்டது. நான்கு பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன. எதிரே சின்னச் சிவப்பு விளக்கு நிதானமாகக் கண் சிமிட்ட, அடைபட்ட வெக்கையில் எலுமிச்சை வாசனை மெல்ல அடங்கி, அதன் அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. தைலம். அண்ணன் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலம்.

வெளியே எலக்ட்ரீஷியன் கை காட்டினார். இவர் கையை ஆட்டினார். சத்தம் இல்லை. உடம்பையே ஆட்டினார். இல்லை.

எலக்ட்ரீஷியன் சிரித்தபடி ஜன்னலில் குனிந்தார். "கத்தாது சார், பட்டன அமுக்கியாச்சு. உங்க அண்ணன்தான் சொன்னாரு."

இவர் சட்டென்று பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்ககூட வண்டியில வந்தாரே, அவருதான். தம்பி கொஞ்சம் தூங்கட்டும், எழுப்ப வேணாம், ரிமோட்டக் குடுத்துட்டு நீ போய்ச் சாப்பிட்டு வான்னாரு. நிம்மதியாத் தூங்குங்க."

கையைத் துடைத்துக்கொண்டே போனார். போன் அவர் பையில். பட்டறை காலி.

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. முன்கதவுக்கு எட்டி இழுத்தார். அதுவும் வரவில்லை. கத்தினார். கத்தியது உள்ளேயே நின்றது. கண்ணாடியைத் தட்டினார்.

டொக். டொக். டொக்.

மோதிரம். அதே சத்தம்.

மூச்சு இரைத்தது. இதுவரை இரைத்ததே இல்லை. உள்ளங்கையை விரித்து ஜன்னலில் அழுத்தினார். காலையிலிருந்து அங்கே இருந்த தடத்தின் மேலேயே கை விழுந்தது. ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

விரலிடுக்கில் தெரு தெரிந்தது. எதிர்ச்சாரி. மரநிழல். அங்கே அண்ணன் நின்றிருந்தார், ஒரு கையில் ரிமோட்டோடு.

மணி பார்த்துக்கொண்டிருந்தார்.