அடியுள்ள அகப்பை

கனாயேயின் கையில் இருந்த அகப்பைக்கு அடி இருந்தது.

இருட்டில் விரலால் தடவியபோதுதான் அது தெரிந்தது. அதற்குள் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. தாத்தா காலத்தில் இதே கரைக்கு எதிரில் முழுகிப்போன 'செய்ரின் மாரு' கப்பலின் அடித்தட்டைப் போல அருங்காட்சியகத்தில் கட்டியிருந்த மர அறை மெல்ல ஆடத் தொடங்கியது. பலகைகள் முனக, எங்கோ சங்கிலி இழுபட, ஒலிபெருக்கியில் அலை உறும, பாசியும் துருவும் கலந்த வாடை தொண்டைவரை இறங்கியது.

"ஷுன்சுகே, இது அவங்க குடுத்த அகப்பை இல்லையே?"

"அவங்க குடுத்தது ஓட்டை" என்றான் அவள் கணவன், பெருமையாக. "வாசல்ல கை கழுவுற கல்தொட்டி மேல நல்லதா ஒண்ணு இருந்துச்சு. நீ டிக்கெட் எடுக்கறப்ப மாத்திட்டேன். என் பொண்டாட்டிக்கு உடைஞ்சதையா தள்ளிவிடுவாங்க?"

அவன் நாகானோ மலைக்காரன். அவளோ இந்த ஊர் மீனவர் மகள். அப்பாவின் படகில் அடியைத் தட்டியெடுத்த அகப்பை ஒன்று எப்போதும் தொங்கும். கடலில் செத்தவர்கள் படகோரம் வந்து அகப்பை கேட்பார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது, அடியில்லாததைத்தான் நீட்ட வேண்டும். நல்லதைக் கொடுத்தால், அதிலேயே கடலை மொண்டு ஊற்றிப் படகை மூழ்கடித்துவிடுவார்கள்.

அதைத்தான் இங்கே விளையாட்டாக்கியிருந்தார்கள். கூரைத் திறப்பில் ரப்பர் கை இறங்கும்; அகப்பையைக் கொடுத்தால் கதவு திறக்கும்.

கை இறங்கியது.

"அகப்பை குடு."

"குடுத்துட்டு வா, நூடுல்ஸ் சாப்பிடப் போலாம்."

"இதைக் குடுக்கக் கூடாது!"

"லூசா நீ? அது ரப்பர்!"

வாசலில் ஒட்டியிருந்த படத்தில் ரப்பர் கை வழவழவென்று வெளுத்திருந்தது. திறப்பு வழியே கசிந்த மங்கல் வெளிச்சத்தில், இந்தக் கையின் நகக்கண்களில் மணல் தெரிந்தது. விரல் நுனியிலிருந்து சொட்டிய நீர் அவள் உதட்டில் பட்டது.

உப்பு.

கனாயே சுவரில் இருந்த அவசரப் பொத்தானை அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஒலிபெருக்கி நின்றுபோயிருந்தது. அலைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது பலகைக்கு வெளியே கேட்டது.

"அகப்பை குடு." இந்தத் தடவை கீழ்ப்பலகைக்கு அடியிலிருந்து.

அவள் மண்டியிட்டு, அகப்பையை இரும்புத் தூணில் அடித்தாள். அடி மட்டும் தெறித்தால் போதும். மறுபடி அடித்தாள். மெல்லிய கீறல் ஒன்று விழுந்தது.

ஷுன்சுகேவின் மூச்சு இரைந்தது. மின்தூக்கிக்குள் நிற்கவே பயந்து மாடி மாடியாக ஏறுகிறவன் அவன். "கனாயே, எனக்கு மூச்சு முட்டுது. கதவு திறக்கணும்."

"கொஞ்சம் பொறு. உடையப் போகுது."

"திறக்கணும்!"

பிடுங்கினான். அவள் அகப்பைக் காம்பைப் பற்றினாள். ஈரம். வழுக்கியது. அவன் எம்பி, அந்தக் கையில் அதை வைத்துவிட்டான்.

விரல்கள் மூடிக்கொண்டன. மெதுவாக. கை மேலே போனது.

அமைதி.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலை" என்று சிரிக்கப் பார்த்தான். கதவைத் தள்ளினான். தோளால் இடித்தான். கதவு இருந்த இடத்தில் பலகைதான் இருந்தது.

சளப்.

ஒரு அகப்பைத் தண்ணீர் அவன் தலையில் விழுந்தது. ஐஸ் போலக் குளிர்ந்தது.

சளப். சளப்.

பிறகு எண்ண முடியவில்லை. கணுக்கால். முழங்கால். இடுப்பு. ஷுன்சுகே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையை உதைத்தான்.

தண்ணீர் அவளை உயர்த்தியது. கூரை முகத்தருகே வந்தது. திறப்பில் சாம்பல் நிற வெளிச்சம். கனாயே அண்ணாந்து பார்த்தாள்.

அவன் கொடுத்தது ஒரே ஒரு அகப்பை.

திறப்பைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கைகள், கைகளுக்குப் பின்னால் கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு அகப்பை. ஒவ்வொரு அகப்பையின் அடியிலும் அவள் போட்ட அதே கீறல்.