உலோகத் தட்டில் ஊதிய மூச்சு

அழுத்தமானியின் முள் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

கோதை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். காற்றே இல்லாத எஃகு உருளைக்குள் எது அசையும்? பம்பு ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டிருக்க, புனே மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை வாடையும் பம்பின் எண்ணெய் வாடையும் கலந்து, ஜன்னலில்லாத அந்த ஆய்வுக்கூடத்தில் பகல் மூன்று மணிக்கே இருட்டு தேங்கிக் கிடந்தது.

உருளைக்குள் ஓர் உலோகத் தட்டு. திரவ நைட்ரஜன் தரும் குளிரில் அதன்மேல் அம்மோனியாவும் மெத்தனாலும் மெல்லிய பனியாக உறைந்திருந்தன. அந்தப் பனிமேல் வலுக்குறைந்த எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினால் புதிதாக என்னென்ன பிறக்கிறது என்று பார்ப்பதுதான் கோதைக்கும் அவள் கணவன் விச்சுவுக்கும் வேலை. திங்கட்கிழமை தட்டை உள்ளே வைக்கும்போது அதில் ஒரு தூசி. விச்சு ‘ப்பூ’ என்று ஊதிவிட்டான். ஆறிப்போன ரசத்தைக்கூட ஊதித்தான் குடிக்கிற மனுஷன். உருளையை இரண்டு நாள் சூடேற்றி அந்த மூச்சின் ஈரத்தை விரட்டியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பியாக வேண்டுமே என்று இருவரும் சேர்ந்துதான் அதைச் செய்யாமல் விட்டார்கள். நேற்று முழுக்க எலெக்ட்ரான் பாய்ச்சினார்கள்.

இன்று வியாழன், வாராந்திர மின்தடை. ஜெனரேட்டரில் பம்பும் மானிகளும் மட்டும் ஓடின. எலெக்ட்ரான் துப்பாக்கி அணைந்து கிடந்தது.

பின்னால் நாற்காலியில் விச்சு இருமினான். முள் துள்ளியது.

“விச்சு, கொஞ்சம் மூச்சைப் பிடியேன்.”

“எதுக்குடி?”

“பிடியேன்.”

முள் நின்றது. பத்து நொடி.

“போறுமா?” என்று அவன் மூச்சை விட்டதும் ஏறியது.

கோதை முள்ளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் மூச்சு அந்தப் பனியோடு கூடி ஏதோ ஆகிவிட்டது. பனி உருகினால் அத்தனையும் ஆவியாகிப் பம்பு வழியே வெளியே போய்விடும். அப்புறம் இவன்? நைட்ரஜன் குடுவையைத் தூக்கினாள். கனமே இல்லை. சாகண் தொழிற்பேட்டையில் இருக்கும் வாயுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். காவலாள்தான் எடுத்தான்.

“ஆஜ் குருவார், மேடம். ஸுட்டீ ஆஹே.”

வியாழன் விடுமுறை. நாளைதான் கிடைக்கும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. மிச்சமிருந்த கொஞ்ச நைட்ரஜனை ஊற்றினாள். அதுவும் புகைந்து தீர்ந்தது.

தட்டின் குளிர் மைனஸ் நூற்றெண்பது டிகிரி. நூற்றெழுபது.

“கோதை, மூச்சு முட்டறது.”

எந்த டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வாள்? அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

நூற்றைம்பது.

நூற்று நாற்பது.

விச்சுவின் மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. அவன் சாயவும் இல்லை. கண் அவளையே பார்த்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

உருளையின் வட்டக் கண்ணாடியில் ஆவி படிந்தது. சுருங்கியது. அவன் உதடு அசைய அசைய, மறுபடி படிந்தது. கோதை துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

உள்பக்கம் படிந்திருந்தது.