பார்வையாளர் நேரம்

மூடிக் கிடந்த அந்த மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. டாக்ஸி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெரிய மரக் கேமரா, அதன் முக்காலி, ஃபிலிம் தட்டுகள் அடுக்கிய பெட்டி என்று மூன்று தடவை நடந்து எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடங்களாகத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைப் படம் பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆள் கிடையாது. சனி, ஞாயிறு முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டு, திங்கள்கிழமை போனை எடுத்து "ஹலோ" என்றால் குரல் கரகரத்து வேறு யாருடையதோ போல வரும்.

இந்த வேலை அவளுக்குப் பெரிய விஷயம். புகைப்படக் கலைக்கென்றே வரும் ஒரு பத்திரிகை, இடிக்கப்போகும் கட்டடங்களைப் பற்றிப் பதினாறு பக்கங்களை அவளுக்கு ஒதுக்கியிருந்தது. அதன் ஆசிரியை போட்ட நிபந்தனை ஒன்றுதான். "உள்ளது உள்ளபடி இருக்கணும். ஆள் நிறுத்தக்கூடாது, ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக்கூடாது."

காவல்காரர் முன்பு இதே ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தவர். சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார்.

"படக்காரம்மா, பார்த்து வாங்க. தரைப் பலகை இத்துப்போயிருக்கு."

"இது என்ன வார்டு?"

"வருஷக்கணக்குல படுத்திருந்தவங்க வார்டு. நாலு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். மூணரைக்கே எல்லாரும் தலைவாரி, பவுடர் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்துடுவாங்க." கதவைத் தள்ளித் திறந்தார். "பாதிப் பேருக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆனாலும் உட்கார்ந்திருப்பாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே வரவில்லை. வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

நீளமான அறை. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லாமல். ஜன்னல் கண்ணாடிகளில் பழைய காகிதம் ஒட்டியிருந்ததால் வெளிச்சம் தேநீர் வடிகட்டியதுபோல மங்கலாக இறங்கியது. அவ்வளவு மங்கலில் எட்டு நிமிடமாவது லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். எட்டு நிமிடத்துக்குள் குறுக்கே யார் நடந்துபோனாலும் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் பதியும்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். இந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கட்டில்கள் கூரையிலிருந்து தொங்கின. ஆள் யாருமில்லை. ஃபிலிம் தட்டைச் சொருகி, நான்கு மணிக்கு லென்ஸைத் திறந்தாள். எட்டு நிமிடம் எண்ணி மூடினாள். இன்னும் நாலைந்து படங்கள் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

இரண்டு நாள் கழித்து, கழுவிய ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்தபோது கை நின்றுவிட்டது.

இடது வரிசையில் ஒன்பதாவது கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கதவைப் பார்த்திருந்தாள். தலை வகிடு வரைக்கும் துல்லியமாகப் பதிந்திருந்தது. எட்டு நிமிடம் உட்கார்ந்தால் உயிருள்ள எவருக்கும் மூச்சு ஏறி இறங்கி, உருவம் கொஞ்சமாவது கலங்கியிருக்கும். இவள் கலங்கவேயில்லை.

அந்தப் படத்தை அவள் ஒளித்திருக்கலாம். முடியவில்லை. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்ற குறிப்போடு, மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே ஆசிரியையிடமிருந்து போன் வந்தது.

"அந்தப் பொண்ணு யாரு?"

"தெரியலைங்க. நான் எடுத்தப்போ யாருமில்ல."

"எட்டு நிமிஷம் மூச்சு விடாம யாரு உட்காருவா? ரெண்டு படத்தை ஒட்டியிருக்கீங்க. என்கிட்டயே கதை விடுறீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

"உங்களை நம்பித்தான் ஆசிரியர் குழுவுல சண்டை போட்டு இந்தப் பக்கங்களை வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அதே இடத்தைக் காலியா எடுத்து, ஃபிலிமோட கொண்டு வாங்க. இல்லைன்னா மொத்தத்தையும் எடுத்துடுவேன். விஷயம் வெளிய பரவினா, அப்புறம் உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க."

போனை வைத்த பிறகு, யாரிடமாவது இதைச் சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். எல்லாம் தொழிற்சாலை மேலாளர்கள், பிரேம் போடுபவர்கள், கேஸ் ஏஜென்சி.

வியாழக்கிழமை மறுபடி போனாள். அதே இடத்தில் முக்காலியை நிறுத்தினாள். வெயில் அன்று நன்றாகவே இருந்தது. வெளியே காவல்காரர் இருமுவது கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு துணிக்குள் தலையை விட்டாள்.

ஒன்பதாவது கட்டிலில் அந்தப் பெண் இருந்தாள்.

கூரையில் தலைகீழாக ஒட்டியதுபோல, மடியில் கைகளோடு.

துணியை விலக்கி நேரில் பார்த்தாள். வெறும் கட்டில். துருப்பிடித்த கம்பிகள்.

துணிக்குள் மறுபடி போனாள்.

இருந்தாள்.

ஓடிவிடலாம். ஓடினால் பதினாறு பக்கம் போகும், பேர் போகும். ஃபிலிம் தட்டைச் சொருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும், பிறகு பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது. சொருகினாள். லென்ஸைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அப்போதுதான் தான் செய்த தவறு புரிந்தது.

இனி எட்டு நிமிடத்துக்கு அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க வழியே இல்லை.

முதல் நிமிடம் எதுவுமில்லை. இரண்டாவதில் கட்டில் கம்பி ஒன்று, பாரம் இறங்கியதுபோல மெல்ல நிமிர்ந்து கிரீச்சிட்டது. பிறகு ஒரு பலகை அமுங்கியது. கொஞ்சம் பொறுத்து அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. அவசரமே இல்லாத நடை. ரொம்ப நாள் படுத்திருந்தவர்கள் பழகிப் பழகி வைக்கும் அடிபோல.

ஐந்தாவது நிமிடத்தில் சத்தம் நின்றது.

எட்டானதும் லென்ஸை மூடி, தட்டை உருவி எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் முதுகைக் காட்டி நடக்க அவளால் முடியாது. லென்ஸைத் திறந்து துணிக்குள் குனிந்தாள்.

கண்ணாடியில் ஒன்பதாவது கட்டில் காலி.

மற்ற கட்டில்களும் காலி. நடைபாதையும் காலி. அப்பாடா என்று மூச்சை விட்டு நிறுத்தினாள்.

துணிக்குள் மூச்சு நிற்கவில்லை.

அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் சில்லென்று இழுபட்டு, விடுபட்டது. பவுடர் வாசனை அடித்தது.

"வந்துட்டியா?" என்றது ஒரு குரல், நாளெல்லாம் பேசாதவர்களின் கரகரப்போடு.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. காவல்காரர்தான் கேமராவையும் பெட்டியையும் எடுத்து வந்து டாக்ஸியில் ஏற்றினார்.

ஃபிலிமைக் கழுவினாள். வார்டு துப்புரவாகக் காலியாக இருந்தது. ஆசிரியை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார். "அன்னிக்குக் கோபத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இதைத்தான் கேட்டேன்." அந்தப் படமே அட்டையில் வந்தது.

ஒரு மாதம் கழித்து இதழின் வெளியீட்டு விழா நடந்தது. மாலை ஐந்து மணி, சின்ன அரங்கு, நல்ல கூட்டம். திரையில் அவளுடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, மனிதர்களே இல்லாத இடத்தின் தனிமையைப் பற்றி ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். மற்ற புகைப்படக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

தாமதமாக வந்த பெரியவர் ஒருவர் இடம் தேடிக்கொண்டே அந்த வரிசைக்கு வந்து, அவளிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"இங்க யாராவது இருக்காங்களாம்மா?"

இல்லை, உட்காருங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் பார்வை பக்கத்து இருக்கைக்குப் போயிற்று. சட்டென்று கூச்சத்தோடு கையை உயர்த்தினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இருட்டுல கவனிக்கல."

அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அவர் முன் வரிசைக்கு நகர்ந்து போனார். அரங்கில் கைதட்டல் எழுந்தது, அவள் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடுவில் இருந்த கைப்பிடியிலிருந்து தன் முழங்கையை மெதுவாக எடுத்து, கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டு உட்கார்ந்தாள்.