ஆறு மணி கவுன்சலிங்

“உங்க பின்னாடி இருக்கிறவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்றீங்களா சார்?” என்றார் திரையில் தெரிந்த கவுன்சிலர்.

லிஃப்ட் மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்ட கதவு, கொடியில் பாதி காய்ந்த துணிகள், அவற்றின் ஈர வாடை. வேறு யாரும் இல்லை. துணியின் நிழலாக இருக்கும் என்றான். அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. உதடுகள் அசைந்து ஓய்ந்த பிறகுதான் குரல் வந்து சேர்ந்தது. மூன்றாம் ஆள் இருக்கும்போது பேசக் கூடாதென்பது விதி என்றார். அரை மணி நேரமும் அந்த வாக்குவாதத்திலேயே போயிற்று.

அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். நான்கு மாதம் முன்பு கூட்டாளி லிஃப்டின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். இவன் சுவிட்சைப் போட, லிஃப்ட் மேலே போய், உச்சிக் கூரையோடு அவனைக் கழுத்து முறிய நசுக்கிக் கொன்றது. குரல் கொடுத்துவிட்டுத்தான் போட்டேன் என்று எல்லோரிடமும் சாதித்திருந்தான். குரல் கொடுக்கவில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது. கம்பெனி ஏற்பாடு செய்த ஆன்லைன் கவுன்சலிங்கில், புதன்தோறும் ஆறு மணிக்கு, அது தொண்டைவரை வரும். “சார், கேக்குதா?” என்பார் கவுன்சிலர். வந்த வழியே இறங்கிப் போய்விடும்.

அடுத்த வாரமும் பின்னால் ஆள் என்றார். அதற்கடுத்த வாரம், அவர் உங்கள் தோளில் கை வைத்திருக்கிறாரே என்றார். அவன் லேப்டாப்பை அறைந்து மூடினான். சுவரோடு பேசியிருக்கலாம், சுவர் குறுக்குக் கேள்வி கேட்காது. எரிச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கிய பிறகுதான் தெரிந்தது, இடது தோள் ஜில்லென்று இருந்தது. சட்டையில் கிரீஸ் நாற்றம். காலையில் துவைத்து உடுத்திய சட்டை.

நான்காம் புதன் ஆன்லைனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், நேரில் பார்க்கும் ஒரு கவுன்சிலரைத் தேடிப் போனான். மாடியில் சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவே ஒரு சொம்புத் தண்ணீர், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. எதிரே இருந்த பெரியவர் அவசரப்படுத்தவில்லை. அவர் மூச்சு விடுவதும் நாற்காலி முனகுவதும் காதில் விழுந்தன. அவன் சும்மா இருந்தால் அந்தச் சும்மா இருப்பதுகூட அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

“இங்க நாம ரெண்டு பேர்தானே சார்?”

“ஆமா. வேற யாரு?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம் அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு மல்லுக்கட்டியதை நினைத்து ஆத்திரமாகவும் வந்தது. வாயைத் திறந்தான்.

போன் அதிர்ந்தது. ஆன்லைன் கவுன்சிலரின் செய்தி.

‘இன்றைக்குத்தான் மனம்விட்டுப் பேசினீர்கள். குரல் கொடுக்காமல் சுவிட்சைப் போட்டதைச் சொல்ல மிகுந்த தைரியம் வேண்டும். அடுத்த புதன் பார்ப்போம்.’

மணி ஆறரை.

அவன் எழுந்து வராந்தாவுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டான். உடனே எடுத்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். அவள் போனை விலக்கி யாரிடமோ பேசுவது கேட்டது.

“என்னங்க, உங்க நம்பர்லருந்து யாரோ உங்களை மாதிரியே பேசறாங்க.”

“கட் பண்ணிடும்மா,” என்றது ஒரு குரல்.

அவனுடைய குரல்.

மறுபடி கூப்பிட்டான். வீடியோவில். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. யாரோ போனை மேசைமேல் சாய்த்து வைத்தார்கள்.

படம் துல்லியமாக வந்தது. அவன் வீட்டு முன்னறை. விளக்கு வெளிச்சம். அவன் நாற்காலி. அதில் அவன் சீருடை. அவன் முகம்.

கழுத்து நிற்கவில்லை. தலை தோளில் துவண்டு கிடந்தது. கண்கள் மட்டும் இவனைப் பார்த்தன.

மனைவி பக்கத்தில் நின்றாள். அந்தத் தலையை இரு கையாலும் நிமிர்த்தி வைத்தாள். அது சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள், பொறுமையாக, காலர் கசங்காமல்.