தென்றலின் வழிச்சாமான்

சூளையிலிருந்து எடுத்த செருப்பு இரண்டும் தேய்ந்திருந்தன.

மாயவன் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தான். விரல் நீளச் செருப்பு. சீனாக்களிமண்ணைப் பிசைந்து, வார் வைத்து, ஊசியால் பூவும் கீறி, முந்தாநாள் அவனே பட்டறையின் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளுக்கு நடுவில் ஒளித்து அடுக்கியது. யார் காலும் பட்டதில்லை. ஆனால் இடது குதிகாலின் உள்பக்கம் சரிந்து தேய்ந்து கிடந்தது. மேல்பூச்சான கிளேஸ் சூட்டில் உருகி ஓடியிருக்கும் என்று முதலில் நினைத்தான். பதினெட்டு வருஷமாகச் சூளை எரிக்கிறவனுக்கு கிளேஸ் ஓடினால் எப்படி இருக்கும் என்று தெரியாதா? இது அதில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற பிள்ளை போட்டால்தான் செருப்பு இப்படித் தேயும். அவன் மகள் தென்றல் அப்படித்தான் நடப்பாள். மாசி மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயசு.

பயந்திருந்தால் பிழைத்திருப்பான். அவனுக்குச் சந்தோஷம் வந்தது, அதுதான் கொடுமை. அவளைப் புதைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கலாம் என்றுதான் செய்தான். அதற்கு முன்பே, நெருப்புக்குள் போன உடனேயே, பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே! போட்டு நடந்தும் இருக்கிறாளே! சூளை ஓரமாக உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒருபாட்டம் அழுது தீர்த்தான்.

எல்லாம் ஆடியில், ஸ்ரீமுஷ்ணத்தில் அவன் பெரியப்பா கருமாதிக்குப் போன இடத்தில் ஆரம்பித்தது. தாம்பாளத்தில் குடை, செருப்பு, கைத்தடி, போர்வை, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டான்.

காரியம் செய்கிறவர் கைவேலையை நிறுத்தாமலே சொன்னார். "போற வழி லேசுப்பட்டதா? முள்ளு, வெயிலு, காடு. வெறுங்கையோட அனுப்ப முடியுமா ஒரு மனுஷன?"

"சின்னப் புள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்கு ஒண்ணும் கெடையாது. பொதைச்சுப் பால் தெளிச்சா முடிஞ்சிது."

அதற்குள் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். ஏன் கிடையாது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி மனுஷன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பெரிய ஆளுக்கே குடையும் தடியும் வேண்டியிருக்கிறது. என் பிள்ளை வெறுங்காலோடு அல்லவா போயிருக்கிறாள், வாசலில் கல் குத்தினாலே தூக்கச் சொல்லுவாளே என்று விருத்தாசலம் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

பட்டறையில் கொளஞ்சி என்று ஒருவர் அச்சு ஊற்றினார். வாலிபத்தில் நல்லூர்ப் பக்கம் முந்திரிக்காட்டில் வருஷக்கணக்காகக் காவல் கிடந்த ஆள். டீ குடிக்கும்போது மாயவன் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். "அண்ணே, தெரியாத காட்டுக்குப் போறதா இருந்தா என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"என்னா மாயவா, சாமியாராப் போறியா?" என்று சிரித்தார் கொளஞ்சி. ஆனால் விஷயம் அவருக்குப் பிடித்தது. டம்ளரை வைத்துவிட்டுத் தீவிரமாகவே சொன்னார். "மொதல்ல செருப்பு. காலு போச்சின்னா ஆளு போச்சி. அப்புறம் தண்ணி, மூடி இறுக்கமா இருக்கணும். ஒரு கம்பு, தோள் ஒசரத்துக்கு. கையளவு கத்தி. தலைக்கு எதுனா. சுமை மட்டும் ஏத்திக்கக் கூடாது, சுமைதான் ஆளச் சாய்க்கும். எல்லாத்துக்கும் மேல, வழி தெரியலன்னா நடக்கவே கூடாது. நின்ன எடத்துலயே நிக்கணும். நின்னவனத் தேடிப் புடிச்சிடலாம். நடந்தவனத்தான் புடிக்க முடியாது."

மாயவன் முன்னே சொன்னதை எல்லாம் வாங்கிக்கொண்டான். கடைசியாகச் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செருப்பு தேய்ந்து வந்த பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் புரியாது. மிஷின் நின்று எல்லாரும் பீடி பற்ற வைக்க வெளியே போகிற நேரத்தில் இவன் மட்டும் களிமண்ணோடு உட்கார்ந்துவிடுவான். ஈர மண்ணின் குளிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறும், அச்சுக்குப் போடும் சுண்ணாம்புப் பொடியின் வாசம் மூக்கை அடைக்கும், தகரக் கூரை வெயிலில் டக்கு டக்கென்று விரியும், அவன் பாட்டுக்குக் கழுத்தில் மாட்டக் கயிற்றுத் துளையோடு ஒரு தண்ணீர்ப் புட்டியும், தென்றலின் பழைய கவுனை மடியில் விரித்துத் தோளுயரம் அளந்து ஒரு தடியும், ஒரு குடையும் செய்துகொண்டிருப்பான். அளவெல்லாம் நாலில் ஒரு பங்குதான். கணக்கு மட்டும் துல்லியமாக இருந்தது.

அந்தச் சாமான்கள் ஐப்பசியில் வெந்து வெளியே வந்தன. புட்டிக்குள் காய்ந்த சேறு படிந்திருந்தது. முகர்ந்தால் குட்டையில் தேங்கிய தண்ணீர் நாற்றம். குடை முழுக்கப் பொத்தல், நெருப்பு மழை பெய்த மாதிரி. தடி பாதிதான் இருந்தது. உடைந்த இடத்தில் பற்கள் பதிந்திருந்தன.

மாயவன் அந்தப் பல்தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தான். நாய்ப் பல்லில்லை. நரியும் இல்லை. வரிசையாக, சீராக, மனுஷப் பல்.

அன்றைக்கே ஒரு கத்தி செய்தான். கத்தி திரும்பி வந்தபோது அதன் விளிம்பு செம்பழுப்பாக இருந்தது. அவன் கிளேஸில் எந்த நிறமும் கலக்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி ஆதிலட்சுமி நிறைமாதமாக இருந்தாள். தென்றல் போன மறுமாசமே நாள் தள்ளிப்போய்விட்டது. ஊரே அவளுக்கு ஆறுதலாக ஒன்றைத்தான் சொன்னது, அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டு சோறு தின்றாள். போன பிள்ளை அதே வயிற்றுக்குத் திரும்பி வரும். முதல் நாலைந்து மாசம் விடிகாலைக் கனவில் தென்றல் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் பேசமாட்டாள், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு தெருமுனையில் நின்றாள். இப்போதெல்லாம் கனவே வருவதில்லை. ஆனால் வயிறு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளே எதுவோ புரண்டது.

கார்த்திகையில் ஒருநாள் அவன் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தவள் அந்தச் சாமான்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னான்.

"சின்னப் புள்ளைக்கு ஏன் எதுவும் குடுத்து அனுப்புறதில்ல தெரியுமா உங்களுக்கு?" என்றாள். குரல் ஏறவேயில்லை. "அவ எங்கயும் போகலைங்க. அதுங்களுக்குப் போற வழியே கெடையாது. வூட்டு வாசல்லயே நிக்கும், மறுபடியும் உள்ள வர்றதுக்கு. இங்கதான் நின்னுட்டு இருந்தா எம்புள்ள. மாசி மகத்துக் கூட்டத்துல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, தொலைஞ்சிபோனா நின்ன எடத்துலயே நில்லு, அப்பா வந்து தூக்கிக்கிறேன்னு. நின்னுட்டுத்தான இருந்தா? செருப்பக் குடுத்து நீங்கதான நடக்க வெச்சீங்க?"

மாயவன் தரையில் இருந்த செருப்பை எடுத்து மடியில் மறைத்தான்.

"அப்பா குடுத்தா போகச் சொல்றாருன்னுதான அர்த்தம்? அவ என்னைக்கு உங்க பேச்சத் தட்டியிருக்கா?" ஆதிலட்சுமி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "இன்னும் பத்து நாள் இருக்குது. எப்பிடியாவது அவளத் திருப்பிக் கொண்டாங்க. இப்ப இது காலியா இருக்குதுங்க. உள்ள யாரும் இல்லங்க."

மறுநாள் சூளை பற்ற வைத்தான். எண்ணெய் பீய்ச்சும் சத்தம் பெரிசாக இருந்ததால் அவன் கூப்பிடுவது பக்கத்தில் யாருக்கும் கேட்கப் போவதில்லை. நெருப்புப் பார்க்கிற ஓட்டையின் கல்லை உருவிவிட்டு, முகம் பொசுங்கப் பொசுங்க வாயை அருகில் கொண்டுபோனான். உள்ளே மஞ்சள் வெளிச்சம். அதற்கும் அந்தப் பக்கம் ஒரு மேட்டுக்காடு தெரிந்தது போலிருந்தது. மரமெல்லாம் கருகி நின்றது. மண் வெள்ளையாக இருந்தது.

"தென்றலு! கண்ணு! அப்பா பேசுறேன்டா. திரும்பி வந்துடுடா."

ரொம்ப நேரம் எண்ணெய்ச் சத்தம்தான். அப்புறம், கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிறாற்போல், "அப்பா? ரொம்ப தூரம் வந்துட்டேன்ப்பா. காலு வலிக்குதுப்பா."

"தெரியும்டா. அப்பா தப்புப் பண்ணிட்டேன். வந்த வழியே வந்துடு."

"வழி தெரியலப்பா. கூட ஒருத்தங்க வராங்க. கம்பக் கடிச்சாங்களே, அவங்க. இப்ப கடிக்கிறதில்ல. நல்லாப் பேசுறாங்க."

அவன் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். "யாரு? எப்பிடி இருக்காங்க?"

"மொகம் இல்லப்பா. அவங்களுக்கும் வூடு வேணுமாம். ரொம்ப நாளாத் தேடுறாங்களாம். வூடு எங்க இருக்குன்னு கேக்குறாங்க. நான் மறந்துட்டேன்ப்பா. நீ சொல்லு."

யோசித்திருக்க வேண்டாமா? ஆனால் பெற்ற மகள் வழி கேட்கிறாள். எந்த அப்பன் யோசிப்பான்? மாயவன் கத்தினான், தொண்டை கிழியக் கத்தினான். மணிமுத்தாற்றங்கரையைப் பிடி. பாலத்தில் ஏறு. பாலக்கரையைத் தாண்டி ஜங்ஷன் ரோட்டில் வா. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் சந்து. நீலக் கதவு. உள்ளே அம்மா படுத்திருக்கிறாள். அம்மா வயிறு. அங்கே வந்துவிடு கண்ணு, அங்கே வந்துவிட்டால் ஒன்றும் பயமில்லை.

அவன் சொல்லி முடித்ததும் உள்ளே யாரோ ஓடத் தொடங்கினார்கள். வேகமான, கனமான ஓட்டம். அதற்கு வெகு தூரம் பின்னால், ஒரு காலை இழுத்து இழுத்து, இன்னொரு ஓட்டம்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ஆதிலட்சுமிக்கு வலி கண்டது. அவள் சொன்ன பத்து நாள்கூட ஆகவில்லை. நல்ல மழை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் தங்கை வாசுகி கூட வந்தாள். வழியெல்லாம் ஆதிலட்சுமி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "வந்துட்டாளா? வந்துட்டாளாங்க?"

"வந்துக்கிட்டே இருக்கா," என்றான்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமி, நடைவழியில் ஒரு குழல் விளக்கு மட்டும் பிடித்துக்கொண்டது. டெட்டால் வாசனை. ஈரத் துணி வாசனை. அதற்கு நடுவில், எங்கிருந்தோ, தேங்கின குட்டைத் தண்ணீர் நாற்றம்.

கதவு திறந்தது.

"பொண்ணு, மாமா! தாயும் புள்ளையும் சொகம்," என்று வாசுகி துணிப்பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். "அழவே இல்ல மாமா, சமத்து. அக்கா சொல்லிட்டா, தென்றலு திரும்பி வந்துட்டான்னு."

கனமாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு இல்லாத கனம். கண் திறந்திருந்தது.

அப்போது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே. மழைக்குள்.

"அப்பா."

மாயவன் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி ஜன்னலைப் பார்த்தான்.

"அப்பா, கதவு சாத்தியிருக்குதுப்பா. அவங்க எனக்கு முன்னாடி ஓடிட்டாங்க. என்னால வேகமா ஓட முடியலப்பா."

வாசுகிக்குக் கேட்கவில்லை. அவள் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் குழந்தைக்குக் கேட்டது. பிறந்து கால்மணி நேரம் ஆகாத கழுத்து, மெதுவாக, ஜன்னல் பக்கம் திரும்பியது. கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, இங்க ரொம்ப குளுருதுப்பா. எப்பப்பா தொறப்ப?"

உள்ளே கட்டிலிலிருந்து ஆதிலட்சுமியின் குரல். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அதில் உயிர் இருந்தது. "என்னாங்க, பாத்தீங்களா? நம்ம தென்றல்தான? சொல்லுங்க. அவதான?"

இல்லை என்றால் அவள் இந்த ராத்திரியைத் தாண்டமாட்டாள். மாயவனுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. உதட்டைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது.

"ஆமா," என்றான், அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. "நம்ம தென்றல்தான். வந்துட்டா."

வெளியே குரல் நின்றுவிட்டது. மழையில் நின்ற தென்றல் கேட்டுவிட்டாள். அழுவாள் என்று காத்திருந்தான், அழவில்லை. அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. சற்றுப் பொறுத்து, மழையில் சகதியை மிதித்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் ஜன்னலை விட்டு விலகிப் போனது. அது ஓயும்வரை குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு முகத்தை அவன் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து சிரித்தது. உள்ளே பற்கள் வரிசையாக, சீராக இருந்தன.

"என்னா மாமா அப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள் வாசுகி. "கொண்டாங்க, அக்கா பால் குடுக்கணுமாம்."